ஊர் கூடிப் போடும் கோலம்

(வரதய்யபாளையத்தில் புதிதாகப் படிக்கக் கற்றவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று உங்களை ஒரு வேலைக்குக் கூப்பிட வந்திருக்கிறேன். கூலி கிடையாது. ஒரு நாள் வேலைதான். வரும் கோடையில் ஏரி வற்றும். தரை காய்ந்து இறுகும். அந்தத் தரையில் நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் வரையப் போகிறோம். சின்னப் படம் இல்லை. நீளம் 200 மீட்டர். அகலம் 200 மீட்டர். ஏறத்தாழ 10 ஏக்கர்.

"எங்களுக்குப் படம் வரையத் தெரியாதே?" என்று ஒரு அக்கா கேட்கிறார். கோலம் போடத் தெரியுமா, அக்கா? தெரியும் அல்லவா? அது போதும்.

புள்ளிக்கும் முகவரி உண்டு

வாசலில் கோலம் போடும்போது முதலில் என்ன செய்கிறீர்கள்? புள்ளி வைக்கிறீர்கள். 7 புள்ளி, 7 வரிசை. பிறகுதான் கோடு இழுக்கிறீர்கள். "மூன்றாவது வரிசை, ஐந்தாவது புள்ளி" என்று ஒருவர் சொன்னால் போதும். பக்கத்து வீட்டுப் பெண் தன் வாசலில் அதே புள்ளியைத் தொட்டுவிடுவாள். நோட்டில் உள்ள சின்னக் கோலம் தெருவை அடைக்கும் பெரிய கோலமாக மாறுவது இப்படித்தான். தெலுங்கில் முக்கு என்றாலும், தமிழில் கோலம் என்றாலும் கணக்கு ஒன்றுதான்.

பூமிப் படத்திலும் இதே போலக் கோடு போட்டிருக்கிறார்கள். கிழக்கு மேற்காகப் போகும் கோடு அட்சரேகை. வடக்கு தெற்காகப் போகும் கோடு தீர்க்கரேகை. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு இரண்டு எண்கள். அதுதான் அந்த இடத்தின் முகவரி. உலகத்தில் வேறு எந்த இடத்துக்கும் அந்த முகவரி கிடையாது.

நம் ஊர் 13-ஆவது அட்சரேகைக்கும் 14-ஆவது அட்சரேகைக்கும் நடுவில் இருக்கிறது. 80-ஆவது தீர்க்கரேகை நமக்கும் தடாவுக்கும் நடுவில் போகிறது. தடாவுக்கு பஸ் ஏறும் ஒவ்வொரு முறையும் நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டுகிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத கோடு. ஆனால் செல்போனுக்குத் தெரியும்.

செல்போனுக்கு எப்படித் தெரியும்? வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் விடாமல் செய்தி அனுப்புகின்றன. அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று போன் கணக்குப் போடுகிறது. அதை வைத்து நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிறது. நம் நாடும் இந்த வேலைக்குச் செயற்கைக்கோள்களை அனுப்பியது. முதல் கோள் 2013 ஜூலை 1 அன்று போனது. எங்கிருந்து? நம் பக்கத்தில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. ராக்கெட் போகும்போது மாடியில் நின்று பார்த்தவர்கள் இங்கே எத்தனையோ பேர் இருப்பீர்கள். மேலே போனது நமக்கு முகவரி சொல்லும் கருவி.

வேறு ஊர்க்காரர்கள் செய்தது

இது புதுப் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். மற்ற ஊர்களில் செய்திருக்கிறார்கள்.

ஜப்பான் நாட்டில் இனாக்கதாத்தே என்று ஒரு கிராமம். 8,000 பேருக்கும் குறைவான சிறிய ஊர். நெல் விளையும் ஊர். 1993-இல் அந்த ஊர்க்காரர்கள் வயலில் ஒரு படம் வரைந்தார்கள். சாயம் பூசவில்லை. பச்சை நெல்லோடு வேறு நிறத்து இலை உள்ள நெல்லையும் சேர்த்து நட்டார்கள். பயிர் வளர வளரப் படம் தெரிந்தது. பிறகு வந்த ஆண்டுகளிலும் வயலில் படம் வரைந்தார்கள். முதலில் படத்தைத் தாளில் வரைவார்கள். பிறகு தாளில் உள்ள புள்ளிகளை வயலில் அளந்து குச்சி நடுவார்கள். ஆயிரக்கணக்கான குச்சிகள். பிறகு ஊராரும் வெளியூராரும் ஆயிரம் பேருக்கு மேல் வயலில் இறங்கி நாற்று நடுவார்கள். தான் நடும் நாற்று படத்தில் கண்ணா, காதா என்று நடுபவருக்குத் தெரியாது. குச்சி சொன்ன இடத்தில் நடுவார். அவ்வளவுதான்.

அவர்களும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. 2003-இல் ஒரு புகழ்பெற்ற பெண்ணின் ஓவியத்தை வயலில் வரைந்தார்கள். மோனாலிசா என்று பெயர். கோபுரத்தில் ஏறிப் பார்த்தால் அந்தம்மா குண்டாகத் தெரிந்தார்! அளவு சரிதான். ஆனால் சாய்வாகப் பார்க்கும்போது தூரத்தில் இருப்பது சுருங்கித் தெரியும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதையும் கணக்குப் போட்டு வரைந்தார்கள். அந்தச் சிறிய ஊருக்கு லட்சக்கணக்கானவர்கள் வந்து பார்த்திருக்கிறார்கள்.

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு விவசாயியும் 2023-இல் இப்படிச் செய்தார். இரண்டு நிற நெல்லை நட்டுத் திருவள்ளுவர் உருவத்தை வயலில் கொண்டுவந்தார்.

டெல்லியில் 2010 நவம்பரில் 3,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் ஒரு மைதானத்தில் நின்றார்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு யானை. அந்த யானையைக் கடல் நீர் சூழ்ந்து வருகிறது. பூமி சூடாகிறது, கடல் ஏறுகிறது என்று உலகத் தலைவர்களுக்குச் சொல்லத்தான் அப்படி நின்றார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதீர்கள் என்று நாம் சொல்வோம். அவர்கள் யானையை மறைக்காதீர்கள் என்றார்கள். ஒரு மாணவன் தனியாக நின்றால் அது வெறும் ஆள். 3,000 பேர் சரியான இடத்தில் நின்றால் அது யானை.

படம் எதற்கு?

"வயிற்றுப் பாட்டுக்கு வழி பார்க்காமல் படம் எதற்கு?" என்று ஒரு அண்ணன் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலை அருகே ஒரு பெரிய அளவை வேலை தொடங்கியது. லாம்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி நடத்தினார். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை போட்டு, 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு அளந்தார்கள். அந்தக் கோட்டை வைத்துத்தான் பிறகு இந்தியா முழுவதையும் அளந்தார்கள். சங்கிலி பிடித்தவர்கள் நம் ஆட்கள். கொடி தூக்கியவர்கள் நம் ஆட்கள். ஆனால் வரைபடம் அவர்கள் கைக்கு வரவில்லை. எண் தெரிந்தவர் கையில் வரைபடம் இருந்தது. எண் தெரியாதவர் கையில் சங்கிலி இருந்தது.

இப்போது பாருங்கள். ஆந்திராவில் 2020 டிசம்பரில் நிலங்களை மறுபடியும் அளக்கும் வேலை தொடங்கியது. ட்ரோனும் செயற்கைக்கோளும் கொண்டு அளக்கும் வேலை. இந்த முறையில் வயலின் மூலைக்கும் இரண்டு எண்கள் உண்டு. அளவு குறைந்துவிட்டது, பெயர் மாறிவிட்டது என்று பல ஊர்களில் புகார்களும் எழுந்தன. உங்கள் வயலை அளந்த காகிதம் கைக்கு வரும்போது என்ன செய்வீர்கள்? யாரோ படித்துச் சொல்வதை நம்பி வாங்கி வைப்பீர்களா? அல்லது வயலில் நின்று, எண்ணை ஒத்துப் பார்ப்பீர்களா?

ஏரியில் படம் வரைவது அதற்குப் பயிற்சி. நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாது. தண்ணீரில் இறங்க வேண்டும். வரைபடத்தையும் தரையில் இறங்கித்தான் கற்க வேண்டும்.

எப்படிச் செய்வோம்?

என்ன படம் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். என் யோசனை ஒரு தண்ணீர்க் குடம். ஏரிக்கு ஏற்ற படம்.

முதலில் தாளில் 21 புள்ளி, 21 வரிசை வைத்துக் குடத்தை வரைவோம். மொத்தம் 441 புள்ளிகள். தரையில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 10 மீட்டர்.

அடுத்து முதல் மூலை. அதன் எண்ணைத் தாளில் எழுதி வைப்போம். செல்போனைப் பார்த்தபடி நடந்து அந்த இடத்துக்குப் போவோம். இங்கே எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். அட்சரேகை எண்ணில் புள்ளிக்குப் பின் வரும் மூன்றாவது இலக்கம் ஒன்று மாறினால் தரையில் 111 மீட்டர் மாறும். நான்காவது இலக்கம் என்றால் 11 மீட்டர். ஐந்தாவது என்றால் ஏறத்தாழ 1 மீட்டர். மூன்றாவது இலக்கத்தில் 1-ஐ 7 என்று படித்துவிட்டால் நம் குடம் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். ஏரியைத் தாண்டி யாருடைய தோப்பிலோ போய் நிற்கும்!

மற்ற மூலைகளைக் கயிற்றால் அளப்போம். ஏன்? திறந்த வெளியில்கூட செல்போன் 5 மீட்டர் வரை முன்பின் காட்டும். அதை மட்டும் நம்பினால் கோடு கோணலாகும். கொத்தனார் அண்ணன்களுக்கு மூலை மட்டம் பார்க்கத் தெரியும். ஒரு பக்கம் 3, ஒரு பக்கம் 4, குறுக்கே 5 என்று வந்தால் மூலை சரி. நாம் 30 மீட்டர், 40 மீட்டர், 50 மீட்டர் கயிறு பிடிப்போம். பிறகு ஒவ்வொரு மூலையிலும் போனை வைத்துச் சரிபார்ப்போம். 5 மீட்டர் வித்தியாசம் வந்தால் போனின் பிசகு. 50 மீட்டர் வந்தால் நம் பிசகு. மறுபடி அளக்க வேண்டும்.

கடைசியில் குச்சிக்குக் குச்சி வைக்கோல் பரப்பிக் கோடு இழுப்போம். காற்றில் பறக்காமல் இருக்க மண்கட்டி வைப்போம். பார்த்து முடித்ததும் வைக்கோல் மாட்டுக்குத் திரும்பப் போகும். ஏரியில் குப்பை எதுவும் தங்காது. கரையில் நின்றால் வைக்கோல் கோடுதான் தெரியும், குடம் தெரியாது. அனுமதி கிடைத்தால் ட்ரோனில் நேர் மேலே இருந்து படம் எடுப்போம்.

யார் யார் வேண்டும்?

எண் படிக்க 10 பேர். கயிறு பிடிக்க 20 பேர். குச்சி நட 20 பேர். வைக்கோல் பரப்ப 50 பேர். தண்ணீரும் மோரும் கொடுக்க ஐந்தாறு பேர். நடக்க முடியாத பெரியவர்கள் நிழலில் உட்கார்ந்து, முடிந்த புள்ளிகளை நோட்டில் குறிக்கலாம். அதுவும் பெரிய வேலைதான். காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்குள் முடிப்போம். வெயில் ஏறிய பிறகு யாரும் ஏரியில் நிற்க வேண்டாம்.

ஏரி பொதுச் சொத்து. பஞ்சாயத்திடமும் நீர்வளத் துறையிடமும் அனுமதி கேட்க வேண்டும். அந்த மனுவை நான் எழுத மாட்டேன். நீங்கள் எழுதுங்கள். தமிழில் எழுதத் தெரிந்தவர் தமிழில் எழுதட்டும். தெலுங்கு தெரிந்தவர் அதைத் தெலுங்கில் எழுதிக் கொடுக்கட்டும். கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

படம் முடிந்த மறுநாள் இன்னொரு வேலை. உங்கள் வயல் காகிதத்தையும் ஒரு செல்போனையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து போங்கள். வயலின் நான்கு மூலைகளிலும் நின்று எண்ணைப் படியுங்கள். இரண்டு மூன்று மீட்டர் வித்தியாசத்தைப் பார்த்துச் சண்டைக்குப் போகாதீர்கள். அது போனின் பிசகாக இருக்கலாம். பெரிய வித்தியாசம் இருந்தால் எழுதி வையுங்கள். சர்வேயரிடம் கேளுங்கள். "இந்த எண் ஏன் இப்படி இருக்கிறது?" என்று கேட்க இப்போது உங்களுக்குத் தெரியும்.

இதோ மேசை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. வருகிறவர்கள் பெயரை எழுதுங்கள். பக்கத்தில் கயிறா, குச்சியா, வைக்கோலா, எண்ணா என்று எழுதுங்கள். மை டப்பா கொண்டு வரவில்லை. இந்த ஊரில் இனி அதற்கு வேலை இருக்கக் கூடாது.

முதலில் யார் எழுதுகிறீர்கள்? வாருங்கள் அக்கா.