நொக்ஸ் துரையின் சாட்சியம்

(கண்டியில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நாம் கூடியிருக்கும் இம்மலைநாட்டில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்த ஓர் ஆங்கிலேயரைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றோம். அவர் பெயர் றொபேட் நொக்ஸ். புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் கப்பலைச் செப்பனிடவெனக் கப்பற்றலைவராகிய தந்தையுடன் கொட்டியாரக் குடாவுக்கு வந்தவர். 1660 ஏப்ரலில் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்கள் அவர்களைப் பிடித்துக் கண்டி இராச்சியத்துக்குக் கொண்டுசென்றனர்.

சிறை என்றோம், ஆயினும் விலங்கில்லை. ஊரூராகப் பிரித்து வைத்தனர். ஊரவரே உணவளிக்க வேண்டும் என்பது அரச கட்டளை. 1661 பெப்ரவரியில் தந்தை காய்ச்சலால் இறந்தார். அடக்கத்துக்கு உதவி வேண்டி நின்ற இளைஞனுக்குக் கிடைத்தது மாடு கட்டும் கயிறு ஒன்றே! கழுத்திற் கட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்லலாம் என்பது அதன் பொருள். கூலிக்கு ஒருவரைப் பிடித்தே தந்தையை மண்ணுள் வைத்தார்.

பின்னர் தொப்பி பின்னி விற்றார். நெல்லைக் கடன் கொடுத்தார்; வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது. கமக்காரர் சிலர் நகைக்கின்றீர்கள். அந்த வட்டியை நீங்களும் அறிவீர்கள் போலும். உடுநுவரையில் எலதெத்த என்னும் ஊரில் நிலமும் வாங்கினார்.

தப்பிச் சென்றபின், 1681 இல் இலண்டனில் அவரது இலங்கை வரலாற்று நூல் வெளிவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அவரைக் கப்பற்றலைவராக்கியது. அடிமைப்பட்டிருந்த அந்த மனிதர், மடகஸ்காரில் அடிமைகளை வாங்கிச் சென் எலனாத் தீவுக்குக் கொண்டுசெல்லவும் கப்பல் செலுத்தினார். இதை மறைத்து அவரை உங்கள் முன் நிறுத்துவது நேர்மையாகாது.

அத்தகையவரின் சொல்லை ஏற்கலாமா? சாட்சியின் குணத்தை மட்டும் நோக்கி நியாயத்தலம் தீர்ப்பளிப்பதில்லை. பொய் சொல்வதால் அவருக்கு ஆதாயம் உண்டா என்றும் வினவும். தமிழர் சிங்களவர் வழக்கில் நொக்ஸுக்கு ஒரு சல்லிக் காசின் ஆதாயமும் இல்லை. அப்படி ஒரு வழக்கு எழும் என்பதையே அவர் அறியார். 'மலபார்' என்று அவர் நம்மவரைக் குறிப்பதற்காகச் சினங்கொள்ள வேண்டா. அக்காலத்து ஐரோப்பியர் தமிழருக்கு இட்ட பெயர் அது.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என எழுதிற்று. எழுத்துக்கும் அலுவலகப் படிவத்துக்கும் இடையே உள்ள தூரத்தை, சிங்களக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வரும் கட்சிக்காரர் நன்கறிவர். இனி, 1679 இல் நொக்ஸ் கண்டதைக் கேளுங்கள்.

அவ்வாண்டு செப்டம்பரில், தோழர் ஸ்ரீபன் றட்லண்டுடன் வியாபாரி போலப் புறப்பட்டு அனுராதபுரத்தை அடைந்தார். அங்கிருந்தோர் கண்டி மன்னனின் குடிகள், ஆனால் மலபார்கள். இருபது ஆண்டுப் பழக்கத்தால் நொக்ஸ் சரளமாகப் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை. சிங்களம் அறிந்த ஒருவர் வந்த பின்னரே, எங்கிருந்து வருகின்றீர் என்ற கேள்வி பிறந்தது. மான் வற்றல் வாங்க வந்தோம் என்று பதிலுரைத்தார்.

பின்பு அருவியாற்றங்கரை வழியே, கண்டி மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் அடங்காத வன்னியனார் நாட்டினூடாக அஞ்சி அஞ்சி நடந்து, 1679 ஒக்ரோபர் 18 இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்தார்.