அதிர்வு உணர்த்தும் உண்மை



ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் ஆலைகளுள் நுழைவோர் முதற்கண் காண்பது, தோலும் நீரும் மருந்தும் நிறைந்து மெல்லச் சுழலும் பெரிய மரப் பீப்பாய்களையே. அவற்றை அங்கே 'டிரம்' என்பர். ஓடும் டிரம்மின் அச்சோ பேரிங்கோ முறிந்தால், பொருளிழப்போடு உயிரிழப்பும் நேரக்கூடும். முறியுமுன் அறிய வழியுண்டா? உண்டு. அதிர்வை அளப்பதே அவ்வழி.

அனுபவம் முதிர்ந்த மெக்கானிக்குகள் திருப்புளியின் முனையைப் பேரிங் கூட்டின்மீது வைத்து, பிடியில் காதைப் பொருத்திக் கேட்பதை நான் கண்டிருக்கிறேன். அக்காது உணர்வதை எண்ணாகக் காட்டுவது அதிர்வுமானி. இயந்திரத்தின்மீது காந்தத்தால் ஒட்டப்படும் சிறிய உணரி, அசைவை மின்குறியாக மாற்றித் தருகிறது.

அதிர்வின் அளவை மட்டும் அறிந்தால் போதாது. அதன் தாளத்தையும் அறிதல் வேண்டும். தோலைச் சீவிக் கனத்தைச் சீராக்கும் ஷேவிங் இயந்திரத்தின் கத்தி உருளை நிமிடத்துக்கு 1500 சுற்றுச் சுழல்வதாகக் கொள்வோம். அஃதாவது, நொடிக்கு 25 சுற்று. நொடிக்கு 25 முறை எழும் அதிர்வு ஓங்கினால், உருளையின் எடை ஒருபுறம் மிகுந்திருக்கலாம். 50 முறை எழுவது ஓங்கினால், மோட்டாரும் உருளையும் நேர்க்கோட்டில் இணையவில்லை என ஐயுறலாம். 25-இன் முழு மடங்காக அமையாத விரைந்த துடிப்புகள், பேரிங்கின் குண்டோ அதன் பாதையோ பழுதுற்றதைக் குறிக்கலாம்.

டிரம்மின் நிலை வேறு. அது நிமிடத்துக்குப் பத்துச் சுற்றே சுழல்வதாயின், ஆறு நொடிக்கு ஒரு சுற்றுத்தான். சாதாரண அதிர்வுமானியோ, பெரும்பாலும் நொடிக்கு 10 முறைக்குக் குறைந்த அதிர்வைக் கணக்கிடாது. ஆதலின் டிரம்முக்கு மெதுவான அசைவையும் உணரும் கருவி வேண்டும். கருவியின் மௌனத்தை இயந்திரத்தின் நலம் என்று கொள்ளலாகாது!

கட்டுமானங்களுக்கும் தத்தமக்குரிய இயல்பான அதிர்வெண் உண்டு. எடை மாறாதிருக்க, விறைப்புப் பாதியானால் அதிர்வெண் ஏறத்தாழ 0.7 மடங்காகக் குறையும். 1914-இல் திறக்கப்பெற்ற பழைய பாம்பன் ரயில் பாலத்திலும் உணரிகள் பொருத்தப்பட்டிருந்தன. தூக்குப் பகுதியைப் பற்றி அவை எச்சரித்தமையால், 2022 டிசம்பர் 23 முதல் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல் திறக்கப்பெற்றது. எச்சரிக்கையைக் கேட்டு நிறுத்தியதே அறிவுடைமை.

நோயுற்ற பின் எடுத்த ஓர் அளவு மட்டும் அதிகம் சொல்லாது. இயந்திரம் நலமாயிருக்கும் நாளிலேயே, அதே இடத்தில், அதே வேகத்தில், அதே பாரத்தில் அளந்து எழுதி வைத்தல் வேண்டும். பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க அக்குறிப்பேடே துணை. உங்கள் கல்லூரிப் பட்டறையின் மோட்டார் ஒன்றில் இப்பயிற்சியைத் தொடங்குங்கள். நாளை நீங்கள் பொறுப்பேற்கும் ஆலையில், டிரம்மின் அருகே நிற்கும் தொழிலாளிக்கு அப்பழக்கமே காவலாகும்.