மறதியும் மரபணுவும்

ஆம்பூர்த் தோல் பதனிடும் ஆலையில் ஆயுள் முழுதும் உழைத்து, விரலால் தடவிய மாத்திரத்திலேயே தோலின் கனத்தைச் சொல்லிவிடும் பெரியவர் ஒருவர், சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் உலருமுன் “இன்னும் சோறு போடவில்லையே” என்று மருமகளைக் கடிந்துகொண்டால், அது வயோதிகத்தின் சுபாவம் என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம், நல்ல வழக்கமன்று. அல்ஸைமர் வியாதியின் ஆரம்பமாகவும் அது இருக்கலாம்.

1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள், 19-ஆம் குரோமோசோமிலுள்ள ஏபிஓஈ மரபணுவின் ஈ-4 என்னும் வகை, முதுமையில் தோன்றும் இந்நோயோடு சம்பந்தமுடையது என்று கண்டனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவருக்கு அபாயம் பன்மடங்கு. ஆயினும் அது தலையெழுத்தன்று. அதைச் சுமந்தும் தெளிந்த புத்தியோடு வாழ்ந்து முடித்தவரும், அது இல்லாமலே நோயுற்றவரும் அநேகர். ஹரியானாவின் பல்லப்கர் வட்டாரக் கிராமங்களின் முதியோரைப் பென்சில்வேனியா முதியோரோடு ஒப்பிட்ட ஆய்வில், அவ்வகை நம்மவரிடம் குறைவாகவே காணப்பட்டது. உலக நாடுகள் பலவற்றில் மறதிநோயை ஆராய்ந்த 10/66 குழுவில், கணியம்பாடி வட்டாரத்து முதியோரைப் பரிசீலித்து, நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் பங்குகொண்டது.

மரபணு தலையெழுத்தன்று; ஆகவே, ஜாதகம் பார்ப்பதுபோல் மரபணுச் சோதனைக்கு ஓடாமல், பெரியவர்களின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் செவிப்புலனையும் கவனியுங்கள். மறதி மிகுந்தால் தாமதியாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.