கைமாறிய எட்டாண்டுகள்: புதுச்சேரி 1954 – 1962



நம் ஊரில் ஆகஸ்ட் 15 கொண்டாட்டம் முடிந்த மறுநாளும் விடுமுறை. அன்று கீழூர் நினைவிடத்தில் மீண்டும் கொடியேற்றுகிறோம். நவம்பர் 1 வந்தால் விடுதலை நாள் என்று இன்னொரு முறை. உங்களுக்கு எத்தனை சுதந்திர தினம் என்று வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் கேட்பதுண்டு. அதிகாரி வேற்றூருக்குப் போனாலும், வீட்டுமனை பெயர் மாறினாலும், ஓர் ஊரே இன்னொரு நாட்டிடம் போனாலும் ‘டிரான்ஸ்ஃபர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஊர் கைமாறியபோது ஆட்சி ஒரு நாளில் மாறியது, மண் வேறொரு நாளில் மாறியது, மனிதர்கள் இன்னும் பின்னால் மாறினார்கள். சில சட்டங்கள் இன்றுவரை மாறவில்லை. அந்த நாள்களைப் பிரித்துப் பார்க்கவே இங்கு நிற்கிறேன்.

1954 அக்டோபர் 18. நகருக்கு மேற்கே கீழூரில் 178 பேர் கூடினார்கள். புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களும் அவர்கள். இந்தியாவுடன் இணைய 170 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 8 பேர். மக்களின் சம்மதம் இல்லாமல் எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று 1946-ஆம் ஆண்டின் பிரெஞ்சு அரசமைப்பு சொன்னது. அந்தச் சம்மதத்துக்குத்தான் இந்த வாக்கெடுப்பு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று மக்களே நேராக வாக்களித்தார்கள். இங்கே அவர்கள் பெயரில் 178 பேர் வாக்களித்தார்கள். முடிவு சரியானது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனாலும் நம் பாட்டன் பாட்டிகளை ஒருமுறை நேரில் கேட்டிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

கீழூரில் மட்டும் கதை தொடங்குவதாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலை வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட 12 தொழிலாளர்களையும், அவர்களைத் திரட்டிய வ. சுப்பையாவையும் விட்டுவிட்டு இணைப்பின் வரலாற்றை எழுத முடியாது. பிரெஞ்சு ஆட்சியின் பக்கம் நின்ற எதுவார் குபேர் 1954 மார்ச்சில் இணைப்பின் பக்கம் வந்தார். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரும் ஆனார். அவர் வந்த பிறகு காரியம் விரைந்து நடந்தது என்பதும் உண்மை, அதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு பலர் என்பதும் உண்மை.

அக்டோபர் 21-இல் தில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1 காலையில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது, மூவண்ணக் கொடி ஏறியது. பிரெஞ்சு அரசின் சிறப்புத் தூதர் பியேர் லாந்தி பொறுப்பை ஒப்படைக்க, இந்திய அரசின் சார்பில் கேவல் சிங் ஏற்றுக்கொண்டார். தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு அன்றே எல்லாம் முடிந்துவிட்டது. சுங்கச் சாவடிகள் போயின, கடலூருக்குப் போய்வரச் சோதனை இல்லை. சட்டத்தின் கண்ணுக்கோ அன்று ஆட்சிப் பொறுப்பு மட்டுமே மாறியிருந்தது. இந்திய அரசு புதுச்சேரியை எந்தச் சட்டத்தின் கீழ் ஆண்டது தெரியுமா? 1947-ஆம் ஆண்டின் வெளிநாட்டு அதிகார வரம்புச் சட்டத்தின் கீழ். இந்தியாவுக்கு வெளியே உள்ள இடங்களில் அதிகாரம் செலுத்துவதற்கான சட்டம் அது.

இந்த நிலை எவ்வளவு தூரம் போனது என்பதை ஒரு பேருந்து உரிம வழக்கு காட்டுகிறது. வழித்தட உரிமம் தொடர்பாக இங்குள்ள அதிகாரிகள் பிறப்பித்த ஆணையை எதிர்த்து ஒருவர் உச்ச நீதிமன்றம் போனார். புதுச்சேரி இந்திய நிலப்பரப்பின் பகுதியா என்ற கேள்வி எழுந்தது. நீதிமன்றம் மத்திய அரசிடமே விளக்கம் கேட்டது. பகுதி இல்லை என்று அரசு பதில் சொன்னது. 1961-இல், கொடி ஏறி ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, புதுச்சேரி இந்திய மண் இல்லை என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் முடிவு கூறியது. பேருந்தில் ஏறி விழுப்புரம் போய் வந்துகொண்டிருந்த மக்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்!

நில ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28-இலேயே கையெழுத்தாகியிருந்தது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. அல்ஜீரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஓரிடத்தை விட்டுக்கொடுத்தால் இன்னோரிடத்துக்கு அது முன்னுதாரணமாகிவிடும் என்ற அச்சம் பாரிசில் இருந்தது. 1962-இல் அல்ஜீரியா விடுதலை பெற்ற பிறகுதான் கதவு திறந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று ஒப்புதல் ஆவணங்கள் பரிமாறப்பட்டன. அரசமைப்பின் 14-ஆவது திருத்தம் புதுச்சேரியை ஒன்றியப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. மண் அந்த ஆகஸ்ட் 16 அன்று மாறியது.

மனிதர்கள் மாறியது அதற்குப் பிறகு, வீடு வீடாக. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். இந்த மண்ணில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் ஆகஸ்ட் 16 முதல் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஏறத்தாழ 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளுக்கு அப்பாவின் கையெழுத்தே விதி. பதினேழு வயதுப் பெண் என்ன நினைத்தாள் என்று அந்தத் தாளில் கேட்க இடமே இல்லை.

பிறப்பிடத்தையும் பாருங்கள். நம் வீடுகளில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். அம்மாவுக்குத் தாய்வீடு கடலூர் என்றால் மூத்தவன் பிறந்தது பிரிட்டிஷ் மண்ணில்; இளையவன் பிறந்தது வைசியாள் வீதியில். 1962-இல் இருவரும் வயது வந்தவர்கள், இருவரும் வாய்திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இளையவன் இந்தியன் ஆனான். உடன்படிக்கையின் அந்த விதி இந்த மண்ணில் பிறந்தவர்களைப் பற்றியது என்பதால் மூத்தவன் பிரெஞ்சுக்காரனாகவே இருந்தான். சைகோனில் பிறந்து ஊர் திரும்பியவர்களுக்கும் இதே கணக்குதான். ஒரே அடுப்பில் சாப்பிட்ட அண்ணன் தம்பி இரண்டு நாட்டவர். இந்த விதியை வைத்து வழக்குகள் பிரெஞ்சு நீதிமன்றங்கள் வரை போயின. பிறப்புப் பதிவின் நகலுக்காக அலைந்தவர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்: பிரெஞ்சில், தேதியைக் கூட எண்ணில் போடாமல் எழுத்தால் எழுதி, தகப்பன் தொழிலும் சாட்சிகளின் வயதும் குறித்த பழைய தாள். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் நம் ‘சொல்தா’ வீடுகளில் நிலப்பத்திரத்தைவிட அதற்குத்தான் பாதுகாப்பு அதிகம்.

இவ்வளவுக்கும் முன்னால் இன்னொரு மாற்றம் நடந்தது. வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873-இல் காலணியோடு நீதிமன்றத்துக்குள் போனதற்காகத் தண்டிக்கப்பட்டார். பாரிஸ் வரை போராடி வென்றார். அவர் பின்னர் ஏற்றுக்கொண்ட 1881 செப்டம்பர் 21 ஆணை, தம் சமூகத்தின் குடும்பச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்க இந்தியர்களுக்கு வழிவிட்டது. ஏற்றவர்கள் ரெனோன்சான்கள். அவர்கள் ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டும்; பொன்னுத்தம்பி ‘லாப்போர்த்’ ஆனார். துறந்ததைத் திரும்பப் பெற முடியாது. சண்முக வேலாயுத முதலியார் இதைக் கடுமையாக எதிர்த்தார். சாதியும் சமயமும் அழியும் என்பது அவர் வாதம். நான் பொன்னுத்தம்பியின் பக்கம். தாழ்த்தப்பட்டவர்கள் பலர் அந்த ஆணையைப் பற்றிக்கொண்டது வெறும் பெயர் ஆசையால் இல்லை. மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தரும் சட்டத்துக்குள்ளும் அவர்கள் போனார்கள்.

ஊர் கைமாறியும் அந்தச் சட்டம் அவர்களை விடவில்லை. இந்தியச் சட்டங்கள் 1963-இல் இங்கே நீட்டிக்கப்பட்டபோது, இந்து திருமணச் சட்டத்திலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலும் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது: இச்சட்டம் புதுச்சேரியின் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது. இன்றும் அச்சில் இருக்கிறது. ஒரு ரெனோன்சான் குடும்பத்தில் சொத்துத் தகராறு வந்தால் இங்குள்ள நீதிபதி பிரெஞ்சு சிவில் சட்டத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சட்டத்தை நம் சட்டக் கல்லூரி மாணவர்கள் தமிழில் படிக்க ஒரு நல்ல நூல் வேண்டும்.

இன்னொன்றும் வேண்டும். 1962-இல் பதினெட்டு வயதானவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். உடன்படிக்கையின் வாசகம் எல்லா நூலகத்திலும் கிடைக்கும். அந்த ஆறு மாதத்தில் வீட்டுத் திண்ணையில் என்ன பேசினார்கள், எழுதிக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யாரிடம் யோசனை கேட்டார்கள், கையெழுத்துப் போட்ட அப்பாவோடு பிள்ளைகள் பின்னால் சண்டை போட்டார்களா, போடாத அப்பாவோடு போட்டார்களா என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இங்கே இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒலிப்பதிவுக் கருவி உங்கள் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. வரலாற்றுத் துறை மாணவர்கள் இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் பாட்டிகளிடம் போங்கள். அவர்களிடம் அன்று யாரும் கேட்கவில்லை.