கருவியும் கேள்வியும்



பள்ளி மாணாக்கர் மின்னணுச் சாதனங்களைத் தங்கள் கல்விக்கு எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதை ஆராயக் கூடியுள்ள இம்மாநாட்டுக்குத் தலைமை வகிக்கும்படி என்னைப் பணித்த வரவேற்புக் கழகத்தாருக்கு என் மனமார்ந்த வந்தனத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். இங்கே படிக்கப்பட இருக்கும் கட்டுரைகளின் சுருக்கங்களை அவர்கள் முன்கூட்டியே எனக்கு அனுப்பியிருந்தார்கள். அவற்றுள் பெரும்பாலானவை எத்தனை பள்ளிகளில் எத்தனை கணினிகள் இருக்கின்றன, எத்தனை வீடுகளில் கைப்பேசி இருக்கிறது என்னும் விசாரணையோடு நின்றுவிடுவதையும், அக்கணினியின் முன்னே அரைமணி நேரம் அமர்ந்திருந்த பிள்ளை அந்த அரைமணியில் என்ன செய்தாள், எதை நினைத்தாள், யாரிடம் என்ன கேட்டாள் என்பதை ஒரு சிலரே ஆராய்ந்திருப்பதையும் கண்டேன். அந்தச் சிலருடைய வழியே நமக்கு உகந்த வழி என்பது என் அபிப்பிராயம். அதற்கான காரணங்களை உங்கள் முன் வைப்பதே இவ்வுரையின் நோக்கம்.

கருவிகள் பள்ளிக்கு வந்த சரித்திரம் நெடியதன்று. 1975-76ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி கொண்டுசெல்லப்பட்டது. அந்த ஆறில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. 1984இல் இங்கிலாந்திலிருந்து வந்த பிபிசி மைக்ரோ கணினிகள் நாட்டின் சில பள்ளிகளுக்குள் நுழைந்தன. 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு மேல்நிலை மாணாக்கருக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாயின. மறு ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசின் ‘கல்வித் தொலைக்காட்சி’ அலைவரிசை பிறந்தது. அதற்கு ஏழு மாதங்களுக்குப் பிறகு பெருந்தொற்று வந்து பள்ளிகளை எல்லாம் பூட்டியபோது, முன்பு வசதியாக இருந்தவை ஒரே நாளில் அவசியமாயின. அக்காலத்தில் நம் கிராமங்களில் நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். வீட்டிலிருந்த ஒரே கைப்பேசி காலையில் தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடும். இரவு அவர் திரும்பிய பிறகு, ரீசார்ஜ் தீராதிருந்தால், அண்ணனும் தங்கையும் முறைபோட்டு வாத்தியார் வாட்சாப்பில் அனுப்பியிருந்த பாடத்தைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அண்ணனுடைய முறையே முதலில் வந்தது.

அந்த ‘முறை’ இன்னும் மாறிவிடவில்லை. கிராமப்புற இந்தியாவில் பிரதம் அமைப்பு நடத்திவரும் ஏசர் ஆய்வின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, 14 முதல் 18 வயதுள்ள, கைப்பேசியைக் கையாளத் தெரிந்த பிள்ளைகளுள், தமக்கென்று சொந்தமாக ஒன்று வைத்திருந்த ஆண்பிள்ளைகள் நூற்றுக்கு 43.7 பேர் என்றும், பெண்பிள்ளைகள் நூற்றுக்கு 19.8 பேர் என்றும் கூறுகிறது. கருவியைக் கையாளத் தெரிந்திருந்தும் அது தனக்கு உரியதன்று என்னும் நிலையில் கற்கும் பெண்பிள்ளை, அண்ணன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற பதைப்போடு பாடத்தைப் பார்க்கிறாள். நிதானமாக யோசிப்பதற்குரிய அவகாசம் அவளுக்குக் கிட்டுவதில்லை. அடுத்த ஆண்டு அறிக்கையோ இன்னொரு விஷயத்தைக் காட்டுகிறது: 14 முதல் 16 வயதுள்ளவர்களுள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் கைப்பேசியைக் கையாள அறிந்திருந்தனர், அவர்களுள் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் கல்விக்காக அதைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 57 பேர், சமூக ஊடகங்களுக்காகத் தொட்டவர்கள் நூற்றுக்கு 76 பேர். இவ்வெண்களைக் கண்டு பிள்ளைகளைக் குறைகூறப் புறப்படுவோர் பலர். எனக்கோ அந்த 57 பேரைப் பற்றித்தான் மிகுந்த கவலை. கல்விக்காக என்று அவர்கள் சொன்னது எதை? படித்ததையா, பார்த்ததையா, பார்த்து எழுதியதையா?

பார்த்து எழுதுதல் என்று நான் சொல்வதை எந்த ஊரிலும் காணலாம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்குப் பாடத்தின் கடைசிப் பக்கத்துப் பயிற்சியைக் கைப்பேசியால் படம் பிடிக்கிறான்; விடையும், விடைக்குரிய வழியும் வரிவரியாகத் திரையில் தோன்றுகின்றன; கைப்பேசியைப் புத்தகத்தின்மேல் சாய்த்து நிறுத்திவைத்துவிட்டு, அவன் அவ்வரிகளை ஒன்றுவிடாமல் நோட்டில் இறக்குகிறான். திரை அணையும்போதெல்லாம் இடது கை விரலால் அதைத் தட்டி எழுப்புகிறான். வலது கை எழுதிக்கொண்டே இருக்கிறது. மறுநாள் ஆசிரியர் சிவப்பு மையால் சரியென்று குறியிடுகிறார். இதில் பையனுடைய உழைப்பு இல்லாமலில்லை, சிரத்தையும் உண்டு. ஆனால் கணக்கு அவனைத் தொடவேயில்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, கட்டுரைப் பயிற்சிக்கும் இதே கதி வந்து சேர்ந்தது. ‘நான் கண்ட திருவிழா’ என்ற தலைப்புக்குக்கூட, எந்தத் திருவிழாவையும் காணாத ஓர் இயந்திரம் எழுதித் தருகிறது, திருவிழாவைக் கண்ட பிள்ளை அதைப் பெயர்த்து எழுதுகிறாள். அவளுடைய ஊர்த் தேரும், தேர் திரும்பும்போது தாத்தா பிடித்த முட்டுக்கட்டையும் அக்கட்டுரையில் இடம்பெறாமலே போகின்றன என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையான துக்கம் உண்டாகிறது.

இனி மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும். அது இதைவிட விரிவாகச் சொல்லத் தகுந்தது.

தென்மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஹைடெக் லேபில், ஒரு பிற்பகல் முழுவதும் உடனிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நமது கணக்குப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்றொரு பகுதி இருப்பதை அறிவீர்கள். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 2001ஆம் ஆண்டில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கிய ஜியோஜீப்ரா என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு அதன் பல பயிற்சிகள் அமைந்திருக்கின்றன. அன்று முக்கோணத்தின் சுற்றுவட்ட மையம் பாடம். தாளில் கவராயத்தால் மூன்று மையக்குத்துக்கோடுகளை வரைந்து, அவை சந்திக்கும் புள்ளியைக் குறித்துக் காட்டி மதிப்பெண் வாங்குவது அப்பிள்ளைகளுக்குப் பழகிப்போன வேலை. திரையிலோ முக்கோணத்தின் ஓர் உச்சியைப் பிடித்து இழுக்க முடிந்தது. ஒரு பெண் மெல்ல இழுத்தாள். மையப்புள்ளி முக்கோணத்துக்குள் நகர்ந்தது. மேலும் இழுத்தாள்; புள்ளி ஒரு பக்கத்தின்மேல் போய் உட்கார்ந்தது. இன்னும் இழுத்தபோது முக்கோணத்தை விட்டு வெளியே போய்விட்டது. அவள் கையை எடுத்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம், “ஏட்டி, உள்ள இருந்தது வெளிய போயிட்டு, நான் எதையும் கெடுத்துட்டனா?” என்று கேட்டாள். ஆசிரியை அங்கே வந்தார். விடையைச் சொல்லிவிடவில்லை. “திரும்ப உள்ளே கொண்டு வா, வாசலைத் தாண்டுகிற நேரத்தில் நிறுத்து, அங்கே கோணம் எத்தனை என்று பார்” என்றார். பிள்ளை நிறுத்தினாள், கோணம் 90 பாகையை ஒட்டி இருந்தது. பிறகு நடந்ததை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. அந்த வரிசையிலிருந்த பிள்ளைகள் எல்லாரும் தங்கள் தங்கள் முக்கோணத்தை இழுத்துப் பார்த்து, செங்கோண முக்கோணத்தில் அப்புள்ளி கர்ணத்தின் சரிநடுவில் நிற்பதைத் தாமே கண்டுபிடித்தார்கள். ஒரு தேற்றம் அவர்களுடைய சொந்தச் சொத்தாயிற்று.

அன்பர்களே, இங்கே கருவி செய்தது என்ன? தாளில் அசையாமல் கிடந்த உருவத்தை அசைத்தது. அசைந்ததனால் ஒரு சந்தேகம் எழுந்தது. அந்தச் சந்தேகத்தைக் கலைத்துவிடாமல், அதை ஒரு கேள்வியாக்கி அப்பிள்ளையிடமே திருப்பிக் கொடுத்தவர் ஆசிரியை. முன் சொன்ன பையனுடைய கைப்பேசியோ, சந்தேகம் பிறப்பதற்கு முன்பே விடையைக் கொடுத்துவிட்டது. இரண்டும் மின்னணுச் சாதனங்களே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கேள்வி யாருடையது என்பதிலும், அக்கேள்வி எழும்போது அருகில் இருந்தது யார் என்பதிலும் இருக்கிறது.

இதற்கு ஆதாரமாக ஒரு பரிசோதனையைக் குறிப்பிட விரும்புகிறேன். 1999இல் தில்லியின் கால்காஜியில் சுவரில் ஒரு துளையிட்டு, அதிலே கணினியைப் பதித்து, தெருப்பிள்ளைகளின் கைக்கு விட்டவர் சுகதா மித்ரா. அவரும் அவருடைய சகாக்களும் பின்னர், தமிழ் பேசும் சிற்றூரான காளிக்குப்பத்தில், ஆங்கிலத்தில் அமைந்த மூலக்கூறு உயிரியல் பாடத்தை 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கணினியில் கொடுத்துவிட்டு, கற்பிப்பார் யாருமின்றி விட்டுவைத்தார்கள். 75 நாட்கள் கழித்துச் சோதித்தபோது, முதலில் ஏறக்குறைய ஒன்றும் அறியாதிருந்த அப்பிள்ளைகள் நூற்றுக்கு 30 அளவில் மதிப்பெண் பெற்றார்கள். அதன் பிறகு, அப்பாடத்தில் எவ்விதப் பயிற்சியும் இல்லாத, ஆனால் பிள்ளைகளோடு சிநேகமாகப் பழகிய ஓர் இளம்பெண்ணை அவர்களுக்குத் துணையாக அமர்த்தினார்கள். பாட்டிமார் செய்வதுபோலப் பின்னால் நின்று வியந்து, “இது எப்படி? அப்புறம் என்ன?” என்று கேட்டுக்கொண்டிருப்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. மதிப்பெண் 50 அளவுக்கு உயர்ந்தது. தில்லியில் வசதிமிக்க தனியார் பள்ளியில் தேர்ந்த ஆசிரியரிடம் கற்ற பிள்ளைகளுக்கு அது நிகராக இருந்தது என்று 2010இல் வெளியான அவர்களது கட்டுரை கூறுகிறது. ஒரே ஊரில், சிறிய குழுவில் நடந்த பரிசோதனை இது. இதைக் கொண்டு ஆசிரியரே வேண்டாம் என்று சித்தாந்தம் கட்டுவோரோடு நான் உடன்படவில்லை. அவர்கள் முதல் முப்பதைப் பார்க்கிறார்கள். நான் பின்வந்த இருபதைப் பார்க்கிறேன். பாடம் தெரியாத ஒருவருடைய அன்பான கேள்வியே இருபது மதிப்பெண் தருமானால், பாடமும் தெரிந்து, அன்பும் உடைய ஆசிரியர் அருகில் இருந்தால் எவ்வளவு கிட்டும்!

உலகத்தின் பிற அநுபவங்களும் இதற்கு மாறாக இல்லை. தென்னமெரிக்காவின் பெரு தேசத்தில் பிள்ளைக்கு ஒன்று என்ற கணக்கில் மடிக்கணினிகளை வழங்கினார்கள். கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகளின் தேர்ச்சி அதனால் உயரவில்லை என்று 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. தில்லியிலோ மைண்ட்ஸ்பார்க் என்னும் மென்பொருளைக் கொண்டு, பள்ளி நேரத்துக்குப் பின் 45 நிமிடம் கணினியிலும் 45 நிமிடம் சிறு குழுவாக ஆசிரியரிடமும் பிள்ளைகள் கற்றபோது, நான்கரை மாதத்திலேயே கணக்கில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டார்கள். ஏழாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு நான்காம் வகுப்புக் கணக்கில் தடுமாறும் பிள்ளையை அம்மென்பொருள் அவனுடைய நிலையிலிருந்தே தொடங்கச் செய்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியரால் எளிதில் செய்ய இயலாத காரியம் அது. இந்தப் பிரயோஜனத்தை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை.

தமிழில் கற்கும் பிள்ளைக்கு மற்றொரு தடையும் உண்டு. அதைப் பேசாமல் இவ்விடத்தை விட்டு நகர இயலாது. அவள் கேள்வியோடு இணையத்துக்குப் போனால், அவளுடைய மொழியில், அவளுடைய வயதுக்கு ஏற்ற விடை இருக்கிறதா? பெரியசாமித் தூரன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியமும், அதன் பின் வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியமும் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றுள் பின்னது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எரிமலையையும் எறும்பையும் எப்படிச் சொல்வது என்று தேர்ந்த அறிஞர்கள் கூடி உழைத்து எழுதிய நூல். ஆனால் அவற்றின் அறிவியல் அரைநூற்றாண்டுக்கு முந்தியது. அதே சிரத்தையோடு இன்றைய அறிவை இன்றைய பிள்ளைக்கு எழுதித் தருவார் எத்தனை பேர்? யூடியூபில் பரீட்சைக்கு உரிய தமிழ்ப் பாடங்கள் பெருகிக் கிடக்கின்றன; பரீட்சையில் வராத ஒரு கேள்வியைக் கேட்கும் பிள்ளைக்கு அவ்வளவு கிடைப்பதில்லை. இந்தக் குறையைத் தீர்ப்பது அரசின் பொறுப்பு மாத்திரமன்று, இந்த அவையில் அமர்ந்திருக்கும் நம் ஒவ்வொருவருடைய பொறுப்பும் ஆகும். ஓர் ஆசிரியர் ஆண்டுக்குப் பத்துக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுதித் திருத்தினாலும் போதும், பிள்ளைகள் அதன் பயனை உடனே காண்பார்கள்.

ஆகவே, கட்டுரையாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும், அந்த ஆராய்ச்சியில் நீங்கள் நேரில் கண்ட ஒரு பிள்ளையையாவது பெயர் கூறாமல் எங்களுக்குக் காட்டுங்கள்: அவன் என்ன தேடினான், எதில் தடுக்கினான், அப்போது யாரைத் திரும்பிப் பார்த்தான், திரும்பிப் பார்த்த இடத்தில் ஆள் இருந்தாரா? சராசரிகளை அட்டவணையில் தாருங்கள், அவற்றை நாங்கள் படித்துக்கொள்வோம். மேடையில் உங்களுக்குக் கிடைக்கும் இருபது நிமிடத்தை அந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

முதல் அமர்வில் பேச இருக்கும் நடுநிலைப்பள்ளி ஆசிரியை, தம் எட்டாம் வகுப்பு மாணாக்கர் ஒரு மாத காலத்தில் கைப்பேசியிடம் கேட்ட கேள்விகளை எல்லாம் அவர்களைக் கொண்டே ஒரு நோட்டில் எழுதச் செய்து, அந்த நோட்டோடு வந்திருப்பதாக அறிகிறேன். இம்மாநாட்டை மகிழ்ச்சியோடு தொடங்கிவைத்து, அந்தக் கேள்விகளை வாசிக்குமாறு அவரை அன்புடன் மேடைக்கு அழைக்கிறேன்.