காந்தள் காக்கும் கடன்



கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்கள் நிரலாக வருகின்றன. அந்நிரலில் முதலிடம் பெற்றது செங்காந்தள். தொல்காப்பியர் வெட்சித்திணையின் துறையொன்றைக் காந்தள் என்றே பெயரிட்டு வகுத்தார். வெறியாடும் வேலன் சூடிய பூ அது. இன்று தமிழ்நாட்டின் மாநில மலரும் அதுவே. ஈழத்தமிழர் அதனைக் கார்த்திகைப்பூ என்பர்; போரில் மாண்ட தம் மறவரை நினைவுகூரும் நவம்பர் 27-ஆம் நாளின் அடையாளமாகவும் அதனைப் போற்றுவர். இத்துணைச் சிறப்புடைய மலரை வேலியோரத்தில் கண்டால், அதன் பெயரைச் சொல்ல வல்ல தமிழ்ப்பிள்ளைகள் எத்தனை பேர்? பெயரை மறந்தவர் பூவை இழப்பர். சில வேளைகளில் உயிரையும் இழப்பர். இவ்வுரையின் பொருள் இதுவே.

இளவேனிலில் பூக்கும் காட்டுப்பூக்கள் பல. காந்தளோ கார்காலத்துக்கு உரியது. முதல் மழை வீழ்ந்ததும், மண்ணுள் உறங்கிய கிழங்கு முளைவிடுகின்றது. மேலெழும் கொடி தன் இலைநுனியையே பற்றுக்கம்பியாகச் சுருட்டி, அருகிலுள்ள புதரைப் பற்றி ஏறுகின்றது. பூவின் 6 இதழ்களும் நெளிந்த விளிம்பினவாய் மேல்நோக்கி மடிந்து நிற்கும். விரியும்போது பசுமஞ்சளாய் இருப்பவை, நாள் செல்லச் செல்ல நுனி சிவந்து, முடிவில் முழுச் செம்மை எய்தும். புலவர் அதனைச் சுடருக்கும் மகளிர் விரலுக்கும் ஒப்பிட்டது கண்ணால் கண்டு சொன்ன உவமையே.

இனி, பெயர்களைக் காண்க. வெண்காந்தளுக்குக் கோடல் என்றும், செங்காந்தளுக்குத் தோன்றி என்றும் அகரமுதலிகள் பெயர் கூறும். கிழங்கு இரு கவராகப் பிரிந்து ஏர்போல் இருத்தலின், உழவன் அதனைக் கலப்பைக்கிழங்கு என்றான். மலரை உற்றுநோக்கினால் கண் நோகும் என்ற நாட்டுப்புற நம்பிக்கையால் கண்வலிக்கிழங்கு என்ற பெயரும் எழுந்தது. வடமொழியார் வைத்த இலாங்கலி என்ற பெயரும் கலப்பை என்னும் பொருளுடையதே. அதற்கு அடியான இலாங்கலம் என்னும் சொல்லே ஆரியத்துக்கு உரியதன்று எனக் கருதும் மொழிநூலாரும் உளர்.

1753-இல் இலின்னேயசு என்னும் செடிநூலார் இதற்குக் குளோரியோசா சூப்பர்பா என இலத்தீனத்தில் பெயரிட்டார். புகழும் பெருமிதமும் சுட்டும் பெயர் அது. அழகைப் போற்றியது, கிழங்கைப் பற்றி ஒன்றும் உரைக்கவில்லை. எழுதப் படிக்க அறியாத உழவன் இட்ட பெயரோ கிழங்கின் வடிவைக் காட்டியது. "அணுகாதே" என எச்சரிக்கவும் செய்தது.

அவ்வெச்சரிக்கை வீண் அன்று. செடியின் எல்லா உறுப்புகளிலும் கோல்சிசின் என்னும் கடுநஞ்சு உண்டு. கிழங்கிலும் வித்திலும் அது மிகுதி. வள்ளிக்கிழங்கென மயங்கி இதனை உண்டு உயிர் துறந்தோர் தமிழகத்திலும் ஈழத்திலும் உளர். முதலில் வாந்தியும் கழிச்சலும் தோன்றும். பின்னர் உள்ளுறுப்புகள் ஒவ்வொன்றாகத் தளரும். பிழைத்தவர்க்கும் சில நாளில் தலைமயிர் கொத்தாக உதிரும். கலப்பைக்கிழங்கு என்னும் பெயரையும் அதன் வடிவையும் அறிந்த வீட்டில் இக்கேடு நுழைவது அரிது.

நஞ்சே மருந்தும் ஆகும். பேறு தாழ்க்கும்போது கிழங்கை அரைத்து வயிற்றிலும் உள்ளங்காலிலும் பூசுவது பழைய வழக்கம். சித்த மருத்துவர் கிழங்கை நறுக்கி, ஆவின் சிறுநீரிலோ மோரிலோ ஊறவைத்து, நஞ்சு நீக்கிய பின்னரே கையாண்டனர். இன்று எவரும் இவற்றைத் தாமாகச் செய்து பார்த்தல் ஆகாது. 1820-இல் பிரெஞ்சு வேதியியலார் இருவர் வேறொரு செடியிலிருந்து பிரித்தெடுத்த கோல்சிசின், மூட்டுகளை வாட்டும் சூலைநோய்க்கு இன்றும் மருந்தாகின்றது. உயிரணுப் பிரிவைத் தடுக்கும் அதன் ஆற்றலைப் புதிய பயிர்வகை ஆக்குவோரும் பயன்கொள்கின்றனர்.

இத்தேவையால் மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளிலும், வேதாரணியம் எனப் பெயர் மாற்றப்பட்ட மறைக்காட்டிலும் காந்தள் பயிராகின்றது. உழவர் முள்கிளுவைக் கிளைகளை நட்டுக் கொடியைப் படரவிடுவர். சூல்தண்டு பக்கவாட்டில் வளைந்து தாதுப்பையை விட்டு விலகி நிற்பதால், காலைதோறும் பூப்பூவாகக் கையாலேயே தாது சேர்ப்பர். வித்து அயல்நாட்டுக்குச் செல்கின்றது. விலையையோ, விளைத்தவர் முடிவு செய்வதில்லை. வாங்குவோரே முடிவு செய்கின்றனர்.

காட்டுக் காந்தளின் நிலை வேறு. உலக அளவில் இச்செடி அழிந்துவிடவில்லை. ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டுக்கும் இதுவே நாட்டுமலர். ஆத்திரேலியாவின் கிழக்குக் கரையிலோ இதனைக் களையென ஒழிக்கின்றனர். பாடிப் போற்றிய தமிழ்நிலத்தில்தான் இது காட்டிலும் வேலியிலும் அருகி வருகின்றது. நடுவதற்கும் விற்பதற்கும் காட்டுக்கிழங்கு தோண்டப்படுகின்றது. உயிர்வேலிகள் அழிந்து கம்பிவேலிகள் வந்தன. கொடி பற்றி ஏறப் புதர் இல்லை. கிழங்கின் ஒவ்வொரு கவரின் நுனியிலும் ஒரேயொரு முளைதான் உண்டு. அது முறிந்தால் அக்கவர் மீண்டும் தளிர்க்காது. வித்திலிருந்து எழும் செடியோ பூப்பதற்கே 3, 4 ஆண்டுகள் ஆகும். ஒரு நொடியில் தோண்டியதை மீட்க அத்தனை ஆண்டுகள் வேண்டும்.

ஆகவே, தமிழ்ப்பற்றாளர் செய்யத்தக்க கடன்கள் மூன்று. காட்டுக்கிழங்கைத் தோண்டாமலும் வாங்காமலும் இருத்தல் முதற்கடன். கோயிற்காடுகளிலும் ஊர்ப்புறத்து உயிர்வேலிகளிலும், சிறுவரும் கால்நடையும் எட்டாத இடம் பார்த்து, வித்தூன்றி வளர்த்தல் இரண்டாம் கடன். பூவைக் காட்டி, பெயரைச் சொல்லி, கிழங்கின் நஞ்சையும் உடன் உணர்த்திப் பிள்ளைகளைப் பழக்குதல் மூன்றாம் கடன்.

மாநில மலர் என்று ஏட்டில் எழுதுவது எளிது. அம்மலர் மண்ணிலும் நிற்க வேண்டும். அதன் பெயர் நாவிலும் நிற்க வேண்டும். சொல்லைக் காப்பதும் செடியைக் காப்பதும் இரண்டல்ல, ஒரே பணி. அடுத்த கார்காலம் வருமுன் ஒவ்வோர் ஊரிலும் அப்பணி தொடங்குக!

வாழ்க தமிழ்! வளர்க தமிழ்நிலம்!