ஆற்றுப்படையும் செய்மதியும்



ஆற்றுப்படை என்றால் என்ன என்று வகுப்பில் விளக்கும்போது நாம் பெரும்பாலும் பரிசிலைப் பற்றியே பேசுகிறோம். பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், பெறாத ஒருவனை வழியிற் கண்டு, இன்ன வள்ளலிடம் போ என்று அனுப்புவது ஆற்றுப்படை. 'ஆறு' என்பது வழி. இவ்வளவையும் சொல்லிவிட்டு வள்ளலின் கொடைச் சிறப்புக்குத் தாவிவிடுவோம். இந்துக் கல்லூரி வகுப்பறையில் நானும் நெடுநாள் அப்படித் தாவியவன்தான். அந்த 'ஆறு' என்ற சொல்லின் கனத்தை ஒரு ஜீப் வண்டியின் முன்னாசனத்தில் இருந்துகொண்டே உணர்ந்தேன்.

2011 ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறை அது. என் மனைவியின் தம்பி கனடாவிலிருந்து வந்து ஹெந்தளையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மாமாவும், அதாவது அவருடைய தந்தையாரும், எங்களோடுதான் இருந்தார். வவுனிக்குளத்துக்குத் தெற்கே, காட்டுக்குள் ஒரு சிறு குளத்தின் கீழ் மாமாவுக்குக் கொஞ்சம் காணி இருந்தது. இடம்பெயர்ந்து வந்தபின் அவர் அதைக் கண்ணாற் காணவில்லை. தூரப் பயணம் செய்யும் நிலையிலும் அவர் இல்லை. "கிணறு கிடக்கோ, தூர்ந்து போச்சோ எண்டு மட்டும் பாத்துக்கொண்டு வாங்கோ" என்றார். எங்கள் பயணத்தின் நோக்கம் அவ்வளவே.

மைத்துனர் கையில் ஒரு ஜி.பி.எஸ். கருவி இருந்தது. உள்ளங்கையில் அடங்கும். கனடாவிலே பாதையில்லாத காட்டுவெளிகளில் வண்டி ஓட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படமொன்றைத் தேடிப்பிடித்து, மாமாவை அருகில் இருத்தி, கிணறு இருந்த இடத்தில் பென்சிலாற் புள்ளி வைத்தார். படத்தின் ஓரத்திலிருந்த அகலாங்கு, நெட்டாங்குகளை அளந்து கருவிக்குள் பதித்தார். "இனிப் பயமில்லை, அத்தான். கண்ணை மூடிக்கொண்டு போகலாம்" என்றார்.

இக்கருவியின் வேலை எளிதிற் சொல்லக்கூடியது. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலே சுற்றும் செய்மதிகள், தாம் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருக்கின்றன. ஒருவகையில் அவையும் வானொலி நிலையங்களே. நிகழ்ச்சி மட்டும் மாறுவதில்லை. குறைந்தது 4 செய்மதிகளின் செய்தி கிடைத்தால், அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு கருவி தன் இடத்தைக் கணித்துவிடும். ஒரு செக்கனின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் இடம் 300 மீற்றர் பிழைக்கும்.

அமெரிக்கப் படைத்துறை தன் தேவைக்காக உருவாக்கியது இது. முதற் செய்மதி 1978 இல் ஏவப்பட்டது. 1983 செப்டெம்பரில் வழிதவறிய கொரிய விமானமொன்று சோவியத் வானிற் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் மாண்டபின், பொதுமக்களுக்கும் இதைத் திறந்துவிடுவதாக அமெரிக்கா அறிவித்தது. 1991 வளைகுடாப் போரில், வீதியும் அடையாளமும் இல்லாத பாலைவனத்தைப் படைகள் இக்கருவியின் துணையோடு கடந்தன. பொதுமக்களுக்குரிய சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000 மே மாதத்தில் நீக்கிய பின்னரே இது நம் போன்றோருக்கு முழுமையாகப் பயன்படலாயிற்று. வழிகாட்டும் கருவி போர்க்களத்திற் பிறந்தது என்பதை நாம் போன இடத்தை நினைக்கும்போது மறக்க முடிவதில்லை.

ஹெந்தளையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். நீர்கொழும்பை நெருங்கும்போது கருவியின் பட்டியல் ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்த மைத்துனர், "அத்தான், கந்தவல எண்டு ஒரு இடம் இருக்கோ? இதுக்குள்ள அந்தப் பேர் கிடக்கு" என்றார். எனக்கு வியப்பு. கிளிநொச்சிக் கண்டாவளையை அல்ல, நீர்கொழும்புக்கு அருகிலுள்ள கந்தவலவையே கருவி சொல்கிறது. இலங்கையின் பழைய நில அளவைப் படங்கள் எல்லாவற்றுக்கும் தொடக்கப் புள்ளி அந்த ஊர். அதை ஆதாரமாக வைத்தே முக்கோணம் முக்கோணமாக நாடு முழுவதும் அளக்கப்பட்டது. அந்நிய நாட்டிற் செய்த கருவிக்குள் நம் ஊர்ப் பெயர் இருப்பதில் இருவரும் மகிழ்ந்தோம். மகிழ்ந்துவிட்டு, அதைத் தெரிவு செய்யாமல் விட்டுவிட்டோம். விட்டதன் பலனைப் பிறகு கண்டோம்.

வவுனியாவைக் கடந்து, தார் வீதியை விட்டுக் கிறவல் பாதையில் இறங்கி, அதையும் விட்டு மணற்தடத்தில் இறங்கினோம். அதன்பின் கருவியின் படத்தில் வீதி என்று ஒன்றும் இல்லை. மைத்துனர் அதைப் பாதையில்லா நிலத்துக்குரிய முறைக்கு மாற்றினார். இம்முறையிற் கருவி செய்வது ஒன்றே: நிற்கும் இடத்துக்கும் போகும் இடத்துக்கும் இடையே நேர்கோடு கீறி, திசையையும் தூரத்தையும் காட்டும். நடுவிற் குளமோ முட்காடோ என்பது அதற்குத் தெரியாது. 2 கிலோமீற்றர் சொச்சம் என்றது. தடம் இரண்டாகப் பிரிந்த இடத்தில் அம்புக்குறி இடதுபுறத்தைக் காட்டியது. இடப்பக்கத் தடம் நன்றாகவும் இருந்தது; புல் படர்ந்து, சில்லுக்கு மெத்தை போல.

வண்டியைத் திருப்பும் நேரத்திற் பின்னால் ஒரு சைக்கிள் மணி. வயதான ஒருவர் விறகுக் கட்டோடு வந்து இறங்கினார்.

"தம்பியவை, எங்க போறியள்?"

குளத்தின் பெயரைச் சொன்னோம்.

"அதால போகாதேங்கோ. பாதை கிடக்குத்தான், ஆனா இன்னும் துப்புரவாக்கேல்லை. போன மாரிக்கு ஒரு மாடு மிதிச்சுச் செத்தது. ஏன் புல்லு இப்பிடி வளந்து கிடக்கு எண்டு யோசியுங்கோவன். ஒருத்தரும் போறேல்லை."

மிதிவெடி என்ற சொல்லை அவர் உச்சரிக்கவேயில்லை. அபாயப் பலகை அந்த முனையில் இருந்ததோ, பற்றை மூடியதோ, நாங்கள் காணவில்லை. மைத்துனர் கருவியைப் பார்த்தார். அம்பு அசையாமல் இடப்புறத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அது பொய் சொல்லவில்லை. கிணறு அத்திசையில்தான் இருந்தது. அதனிடம் நாங்கள் கேட்ட கேள்வியே வேறு.

அந்த நொடியில் எனக்கு மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய இந்நூலைக் கூத்தராற்றுப்படை என்றும் சொல்வர். பெருங்கௌசிகனார் நன்னன்மீது பாடியது, 583 அடி. இதில் வள்ளலின் புகழுக்கு ஈடாக வழியின் ஆபத்துகளும் வரிசையாக வருகின்றன. தினைப்புனத்துக்கு வரும் பன்றிக்காகக் கற்பொறி மாட்டிவைத்த ஒடுங்கிய வழி உண்டு. இருட்டிற் போகாதீர்கள், விடிந்தபின் போங்கள் என்கிறான் கூத்தன். பாம்பு மறைந்திருக்கும் குழி உண்டு, பார்த்து நடவுங்கள். காவற்காரர் விடும் கவண்கல் வரும். மரத்தில் மறைந்து செல்லுங்கள். பாசி வழுக்கும் கரை வரும், பற்றிக்கொண்டு போங்கள். திசை சொல்வதற்கு இத்தனை அடிகள் தேவையில்லை. தானே கால்வைத்துப் போய் வந்தவன் மட்டுமே சொல்லக்கூடியவை இவை. பன்றிக்கு வைத்த பொறி மனிதனையும் கொல்லும் என்ற வரியை வகுப்பில் நான் ஒருபோதும் நிறுத்திப் படித்ததில்லை.

பெரியவர் சைக்கிளை ஜீப்பின் பின்னால் ஏற்றிவிட்டுத் தாமே முன்னால் ஏறிக்கொண்டார். குளக்கட்டைச் சுற்றி, வாய்க்காலை இருமுறை கடந்து, ஏறக்குறைய 7 கிலோமீற்றர் போனோம். வழி நெடுகப் பாலை மரத்தையும் உடைந்த மதகையும் எரிந்த வீட்டையும் பெயர் சொல்லிக் காட்டினார். கடைசியிற் கருவி 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று கூவிய இடத்தில் நாயுருவிப் பற்றை மட்டுமே இருந்தது.

எங்களுக்கு முகம் விழுந்துவிட்டது. பெரியவர், "இலுப்பை நிண்ட காணியோ?" என்று கேட்டுவிட்டுக் கிழக்கே நடந்தார். 200 மீற்றருக்கு மேல் நடந்த பிறகு இலுப்பையும் அதன் அருகே கிணறும் தென்பட்டன. கந்தவலக் கணக்கில் அளந்த எண்களை உலகப் பொதுக் கணக்கில் பதித்தால் இலங்கையில் அவ்வளவு தூரம் மேற்கே தள்ளிப்போகும் என்பதை மைத்துனர் அங்கேயே நின்று கண்டுபிடித்தார். காலையிற் சிரித்துவிட்டுத் தாண்டிய பெயர் அது. கிணற்றிலே தண்ணீர் இருந்தது, ஓரம் இடிந்திருந்தது.

கருவியை நான் குறைகூறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். திரும்பும்போது இருண்டுவிட்டது. பெரியவரை அவர் குடிசையடியில் இறக்கிவிட்டோம். அதன்பின் எல்லா மரமும் ஒரே மரமாயிற்று. அப்போது நாங்கள் வந்த தடத்தைக் கருவி புள்ளி புள்ளியாகப் பதிந்து வைத்திருந்தது. அப்புள்ளிகளை விட்டு ஒரு முழமும் விலகாமல் மெதுவாக ஊர்ந்து வீதிக்கு வந்தோம். இதையும் மலைபடுகடாத்துக் கூத்தன் அறிவான். நாட்டுக்குப் புதியவர்களே, வழி பிரியும் இடத்திலே புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்று அவன் சொல்கிறான். போகும் ஊரின் பெயரை வழிப்போக்கர் அறியும்படி மரத்தடிக் கல்லில் எழுதியிருப்பதையும் காட்டுகிறான். உ.வே. சாமிநாதையர் 1889 இல் பத்துப்பாட்டை அச்சிட்ட காலத்தில் இவ்வடிகள் பழமையின் விநோதமாகத் தோன்றியிருக்கலாம். எங்களுக்கு அன்று அவை பயணக் குறிப்பாக இருந்தன.

மிதிவெடி அகற்றுவோரும் எல்லைக் கட்டைகளின் இடத்தை இத்தகைய கருவியாற்றான் பதிகிறார்கள். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. அவர்கள் பதிந்தது எங்கள் கருவிக்குள் அன்று இருக்கவில்லை. பெரியவரின் தலைக்குள் இருந்தது.

வீடு வந்ததும் மைத்துனர் சரியான எண்களை ஒரு துண்டில் எழுதி மாமாவிடம் கொடுத்தார். மாமா அதை நெடுநேரம் பார்த்தார். "இலுப்பை நிக்குதோ?" என்று கேட்டார். நிற்கிறது என்றேன். காணி உறுதியின் பிரதியை எடுத்து, அதன் பின்புறத்தில் அந்த எண்களைப் பென்சிலாற் பார்த்தெழுதினார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அவற்றின் கீழே 'இடப்பக்கத் தடத்தால் போகவேண்டாம்' என்றும் எழுதினார்.